ஏழாம் நிலையத்தின் மூலம்

மழை பிடித்த மூன்றாவது மணியில் பெக்கி அழைத்தார்.
இரண்டாம் பம்பு ஓடவில்லை,
ஓடுவதாகத் திரை சொல்கிறது.

எந்தப் பதிப்பு என்றேன்.
இரண்டு புள்ளி நான்கு என்றார்.
எங்களிடம் இரண்டு புள்ளி நான்கு மூன்று இருந்தன:
வெறும் இரண்டு-நான்கு,
இரண்டு-நான்கு-புதியது,
இரண்டு-நான்கு-புதியது-இதுதான்.

டர்பனில் அன்றிரவு உம்கேனி
கரையைக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
தாழ்வான பக்கம், டயர் கிடங்குகளுக்குப் பின்னால்
ஏழாம் நிலையம்.
அங்கே நிறுவிய கோப்புறையையே அனுப்பச் சொன்னேன்.
பாதியில் மின்சாரம் போனது.
வந்து, மறுபடி போனது.

வந்து சேர்ந்ததைப் பிரித்தால்
எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி,
மூட்டை கட்டிய நாள்.
பிறந்த நாள் ஒன்றுக்கும் இல்லை.

களஞ்சியத்தில் எல்லாம் இருக்கிறது.
யார் மாற்றினார், எப்போது, எதற்காக,
இரவு ஒன்றரைக்கு ஒருவர் எழுதிய
‘மன்னிக்கவும், இப்போது சரி’ உட்பட.
மூட்டை கட்டும் கணத்தில் அத்தனையும் கழன்றுவிடுகிறது.
டிசம்பரில் சாலையோரம் குவித்த லிச்சியிடம்
நீ எந்த மரம் என்று கேட்பதுபோல
கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையே
இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்.
ஒவ்வொன்றையும் எடுத்து அருகில் வைத்துப் பார்க்கும்படி
இயந்திரத்திடம் சொல்லிவிட்டு
ஆறிய தேநீரைக் குடித்தேன்.

இதற்குள் பெக்கி
முழங்கால் தண்ணீரில் இறங்கி
கைப்பிடியைத் திருப்பி ஓடவைத்துவிட்டார்.
அவருக்குப் பதிப்பு எண் தேவைப்படவில்லை.

மூன்று மணிக்கு விடை வந்தது:
எதுவும் பொருந்தவில்லை.
நூற்றெழுபத்தொன்பதாவது மட்டும் மிக நெருக்கம்.
ஒரு வரி வித்தியாசம்.
எந்தத் திருத்தத்திலும் இல்லாத ஒரு வரி,
பதினான்கு மாதமாக
ஆற்றங்கரையில் வேலை பார்த்திருக்கிறது.

*பதில் வராவிட்டால், ஓடுவதாகக் கொள்.*

பெர்த்தில் காலை ஒன்பது.
லோகன் படையாச்சி மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு
காரில் இருந்தார்.
ஆமாம், சென்சார் அன்று உளறியது,
ஒப்படைக்கும் நாள் வேறு,
என் மடிக்கணினியிலேயே மாற்றிக் கட்டி அனுப்பினேன்.
உள்ளே சேர்த்ததாகத்தான் நினைப்பு.
கொஞ்சம் பொறுத்து,
யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்றார்.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாதாம்.
சொன்னவர் பம்பு நிலையத்துக்கு
மென்பொருள் எழுதியவராக இருக்க முடியாது.

விடிவதற்குள் மூட்டை கட்டும் நிரலில்
நான்கு வரி சேர்த்தேன்.
இனி ஒவ்வொரு மூட்டைக்குள்ளும்
‘மூலம்’ என்றொரு சின்னக் கோப்பு போகும்.
அதில் திருத்தத்தின் நாற்பது எழுத்து அடையாளம்.
உள்ளே சேர்க்காத மாற்றம் ஏதேனும் ஒட்டியிருந்தால்
பக்கத்திலேயே ஒரு சொல்: அழுக்கு.

சோதித்துப் பார்க்க ஒன்று கட்டினேன்.
திறந்தால், அழுக்கு.
அந்த நான்கு வரியையே
நான் இன்னும் சேர்த்திருக்கவில்லை.

ஒரு சொல்தானே, கையால் அழித்துவிடலாம்.
விரல் அந்த விசைவரை போனது.

நான்கு வரியைச் சேர்த்தேன்.
லோகனின் வரி களஞ்சியத்தில் இல்லாததால்
அதை நீக்கவும் வழியில்லை.
முதலில் அப்படியே உள்ளே போட்டேன், அவர் பெயரில்.
பிறகு என் பெயரில் எடுத்தேன்.
குறிப்பில் ‘பிழை நீக்கம்’ என்று எழுதி
அடித்துவிட்டு இப்படி எழுதினேன்:
பதில் வராவிட்டால், தெரியாது என்று சொல்.

அடுத்த பெருமழைக்கு பெக்கி
வணக்கம்கூடச் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கினார்.
முதல் ஏழு எழுத்தை மார்க்கரால்
பம்பின் மூடியில் எழுதி வைத்திருக்கிறார்.
ஈரத்தில் ஐந்தாவது கரைந்து
ஆறா எட்டா தெரியவில்லை என்றார்.

இரண்டையும் போட்டுத் தேடினேன்.
ஒன்றுதான் இருந்தது.